கறுப்பு அங்கிக்குக் கழனியிலும் வேலை உண்டு

அனுபவமுள்ள வழக்கறிஞர்கள் மாற்றுப் பணி தேடும் முறைகள்

ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் ஒரே பயிரைச் செய்து வந்தால் விளைச்சல் படிப்படியாகக் குறைவது இயல்பு. அதற்காக நிலத்தை விற்றுவிடும்படி எவரும் யோசனை கூறுவதில்லை. பயிரை மாற்றிப் பார்க்கும்படியே கூறுவர். பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் தொழில் செய்து, வருவாய் குறைந்தோ மனம் சலித்தோ வேறு பணி தேடும் வழக்கறிஞர்களுக்கும் இந்த யோசனை பொருந்தும். கற்ற கல்வியும் பெற்ற அனுபவமும்தான் நிலம். செய்யும் வேலை அதில் விளையும் பயிர்.

சென்னையில் கோபாலபுரம், மயிலாப்பூர், இராயப்பேட்டை ஆகிய பகுதிகளில் வழக்கறிஞர் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. இவர்களுள் பலருக்கு மாவட்டங்களில் பூர்வீக நிலம் இருக்கிறது. கிராமத்தில் நிலத்தை வைத்துக்கொண்டு, மகனையோ மகளையோ சட்டம் படிக்க வைத்துச் சென்னைக்கு அனுப்பிய உழவர் குடும்பங்களும் ஏராளம். ஆகவே ஒரு வழக்கறிஞரின் தொழில் நெருக்கடி என்பது நகரத்துச் செய்தி மட்டும் அன்று. ஊரில் உள்ள பெற்றோரையும் நிலத்தையும் தொடுகின்ற செய்தியாகும்.

ஐம்பதை நெருங்கும் வயதில் ஒருவர் தொழிலை மாற்ற நேர்ந்தால், அவர் எடுக்கும் முடிவில் பிழை ஏற்பட இடமில்லை. பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள். வீட்டு வாடகையோ கடனோ இருக்கும். இளம் வயதில் ஒரு போகம் பொய்த்தால் மறு போகத்தில் சரிக்கட்டலாம். இந்த வயதில் அது கடினம். எனவே மாற்றுப் பணியைத் தேடும் முறையை நன்கு அறிந்துகொள்ளுதல் நலம்.

வருவாய் குறைவதன் காரணங்கள்

தொழில் நலிந்தால் அதற்குத் தம் திறமைக் குறைவே காரணம் என்று பலர் மனம் உடைந்து போகின்றனர். பெரும்பாலும் அது சரியன்று. 2004ஆம் ஆண்டு ஜூலை மாதம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தொடங்கப்பட்டது. தென் மாவட்ட மக்களுக்கு இது பெரும் நன்மை. ஆனால் தென் மாவட்டக் கட்சிக்காரர்களை நம்பியிருந்த சென்னை வழக்கறிஞர்களுக்கு அந்த வரத்து குறைந்தது. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோயின் காரணமாக நீதிமன்றங்களில் நேரடி விசாரணை நின்றபோது, அன்றாட வருவாயை நம்பியிருந்தவர்கள் சேமிப்பைக் கரைத்தனர். பல வகை வழக்குகள் தனித் தீர்ப்பாயங்களுக்குச் சென்றுவிட்டன. ஆற்றில் நீர் வரும் வழி மாறினால் அதற்குக் கடைமடை உழவர் பொறுப்பாக மாட்டார். இதுவும் அவ்வாறே.

முதலில் இருப்புக் கணக்கு

உரமிடுவதற்கு முன் மண்ணை ஆய்வு செய்ய வேண்டும் என்பது உழவர்கள் அறிந்ததே. வேலை தேடுவதற்கு முன்பும் இத்தகைய ஆய்வு இன்றியமையாதது. ஒரு தாளை எடுத்துக்கொண்டு, கடந்த 10 ஆண்டுகளில் நடத்திய வழக்குகளை வகை வாரியாக எழுத வேண்டும். பாகப்பிரிவினை எத்தனை, நில ஆர்ஜிதம் எத்தனை, காசோலை வழக்கு எத்தனை, விபத்து இழப்பீடு எத்தனை என்று எண்ணிக்கையுடன் எழுதுதல் நலம். பின்னர் அவற்றில் எந்த வேலை தமக்கு எளிதாக வருகிறது என்பதைக் குறிக்க வேண்டும். சிலருக்குப் பத்திரம் எழுதுவது கைவந்த கலை. சிலர் எதிர்க் கட்சிக்காரரையும் பேசி இணங்க வைப்பர். சிலருக்குப் பழைய ஆவணங்களைப் படித்து உரிமைத் தொடர்ச்சியைக் கண்டுபிடிப்பதில் தேர்ச்சி இருக்கும்.

நீதிமன்றத்தில் நின்று வாதாடுவது மட்டுமே தம் தொழில் என்று எண்ணுபவர், அதை விட்டால் கையில் ஒன்றும் இல்லை என்ற முடிவுக்கே வருவார். உண்மையில் ஒரு வழக்கறிஞர் 20 ஆண்டுகளில் கற்றுக்கொள்வது வாதம் மட்டும் அன்று. எழுத்தில் உள்ளதற்கும் நடப்பில் உள்ளதற்கும் உள்ள வேறுபாட்டைக் காணவும், சண்டை எங்கே தொடங்கும் என்பதை முன்கூட்டியே அறியவும் அவர் கற்றிருக்கிறார். இந்தத் திறமைக்குப் பாரிமுனையில் போட்டி அதிகம். கிராமப்புறத்தில் இதற்குப் பெரும் பஞ்சம் நிலவுகிறது. மிகுதியாக இருக்கும் இடத்திலிருந்து பற்றாக்குறை உள்ள இடத்துக்குச் சரக்கைக் கொண்டு செல்வதே நல்ல வாணிபம்.

சன்னதைக் காத்துக்கொள்ளுதல்

புதிய பணியில் சேரும் அவசரத்தில் பலர் மறந்துவிடுவது வழக்கறிஞர் சன்னதைப் பற்றிய விதிகளாகும். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் இந்திய வழக்கறிஞர் மன்றம் வகுத்துள்ள விதிகளின் சாரம் வருமாறு:

1. தொழில் செய்துவரும் வழக்கறிஞர் எவரும் முழுநேரச் சம்பள ஊழியராக இருத்தல் கூடாது. அத்தகைய வேலையை ஏற்பவர் அதை மாநில வழக்கறிஞர் மன்றத்துக்குத் தெரிவித்து, வேலையில் உள்ள காலம் வரை வழக்கறிஞர் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும்.

2. தாமே முன்னின்று வணிகம் நடத்துதல் கூடாது. தொழிலின் கண்ணியத்துக்கு முரண்படாத நிறுவனத்தில் நிர்வாகத்தில் பங்கு கொள்ளாத கூட்டாளியாக இருக்கலாம்.

3. அன்றாட நிர்வாகப் பொறுப்பு இல்லாமல் ஒரு நிறுவனத்தின் இயக்குநராகவோ இயக்குநர் குழுத் தலைவராகவோ இருக்கலாம்.

4. பத்திரிகைகளில் எழுதுதல், சொற்பொழிவு ஆற்றுதல், சட்ட நூல்களைப் பதிப்பித்தல், மாணவர்களைத் தேர்வுக்குத் தயார் செய்தல் ஆகியவற்றுக்குத் தடை இல்லை. சட்டக் கல்வி நிலையங்களில் நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேற்படாமல் சட்டம் கற்பிக்கவும் அனுமதி உண்டு.

5. மாநில வழக்கறிஞர் மன்றத்தின் இசைவு பெற்று, தொழிலுக்கு முரண்படாத பகுதிநேர வேலையை ஏற்கலாம்.

இரண்டு குதிரைகளில் ஒரே நேரத்தில் சவாரி செய்ய இயலாது என்பதே இவ்விதிகளின் நோக்கம். மருத்துவத் தொழிலை விடாமலே வழக்கறிஞராகவும் பதிவு செய்ய விரும்பிய ஓர் அறுவை மருத்துவரின் கோரிக்கையை 1996ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை என்பது இங்கு நினைவுகூரத் தக்கது.

ஊரில் உள்ள சொந்த நிலத்தில் பயிர் செய்வதோடு நிற்காமல் உரக்கடை, நாற்றுப் பண்ணை என்று வணிகத்தில் இறங்க எண்ணுபவர், முன்னதாகவே வழக்கறிஞர் மன்றத்தின் கருத்தை எழுத்தில் கேட்டுப் பெறுதல் நலம். சன்னதை முறைப்படி நிறுத்தி வைத்தவர் பின்னர் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். மறைத்துச் செய்தவர் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாவார்.

இரண்டு முன்னோடிகள்

தமிழ்நாட்டில் வழக்கறிஞர் தொழிலை விட்டு வேறு பணிக்குச் சென்றவர்களுள் இருவருடைய வாழ்க்கை இங்கு படிப்பினை தருவதாகும். ஒருவரிடமிருந்து தொழில் பறிக்கப்பட்டது. மற்றவர் தாமாகவே தொழிலை விட்டுச் சென்றார்.

வ. உ. சிதம்பரம் பிள்ளை ஒட்டப்பிடாரத்திலும் பின்னர் தூத்துக்குடியிலும் வழக்கறிஞராகப் புகழ் பெற்றவர். 1906ஆம் ஆண்டில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908இல் சிறைப்பட்டு, கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1912ஆம் ஆண்டு இறுதியில் விடுதலையானபோது அவருக்கு வயது 40. கப்பல் கம்பெனி கைவிட்டுப் போயிருந்தது. வழக்கறிஞர் சன்னதும் பறிக்கப்பட்டிருந்தது. சென்னைக்கு வந்து சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என்று இடம் மாறி வாழ்ந்தார். மண்ணெண்ணெய் விற்பனை போன்ற சிறு வணிகங்களைச் செய்து பார்த்தார். அவற்றால் குடும்பம் நிமிரவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிக் காந்தியடிகளிடம் கொடுத்திருந்த தொகை, கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு 1916இல் அவரிடம் வந்து சேர்ந்தது. அது 347 ரூபாய் 12 அணா. கப்பல் ஓட்டியவர் அந்தத் தொகைக்காகக் காத்திருக்க நேர்ந்தது என்பதிலிருந்து அவருடைய அன்றைய நிலையை உணரலாம்.

பின்னர் கோயம்புத்தூரில் ஒரு வங்கியில் சிறிது காலம் பணியாற்றினார். இறுதியில் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் அவருக்குச் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். கோவில்பட்டிக்குச் சென்று மீண்டும் வழக்கறிஞரானார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் வீணே இருந்துவிடவில்லை. நூல்கள் எழுதினார், மொழிபெயர்த்தார், பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். இதிலிருந்து பெறத்தக்க பாடம் இரண்டு. பழக்கமில்லாத வணிகம், எவ்வளவு பெரிய மனிதருக்கும் நடுத்தர வயதில் எளிதில் கைகொடுப்பதில்லை. சன்னது என்பது, பறிகொடுத்தவருக்குத்தான் அருமை தெரியும் சொத்து.

அடுத்தவர் சி. சுப்பிரமணியம். 1910ஆம் ஆண்டில் பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் இயற்பியலும் சட்டமும் பயின்று, 1936இல் கோயம்புத்தூரில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். 1952 முதல் 1962 வரை சென்னை மாநில அமைச்சராக இருந்தார். 1964ஆம் ஆண்டில் மத்திய உணவு, வேளாண்மைத் துறை அவரிடம் வந்தது. நாடு கப்பலில் வரும் கோதுமையை எதிர்நோக்கி இருந்த காலம் அது. அவர் வேளாண்மைப் பட்டம் பெற்றவர் அல்லர். விஞ்ஞானிகளை அழைத்து விவரம் கேட்டார். குட்டை ரகக் கோதுமையைக் கொண்டுவருவதற்கு எதிர்ப்பு எழுந்தபோது, அமைச்சரவையிலும் நாடாளுமன்றத்திலும் ஆதாரங்களை அடுக்கி வாதாடினார். 1966ஆம் ஆண்டில் மெக்சிகோ நாட்டிலிருந்து 18,000 டன் கோதுமை விதை தருவிக்கப்பட்டது. இந்திய உணவுக் கழகமும் வேளாண் விலைக் குழுவும் 1965இல் அவருடைய காலத்தில்தான் ஏற்பட்டன.

சாட்சியை விசாரித்து உண்மையை அறிவதும், அறிந்ததை மன்றத்தின் முன் நிலைநாட்டுவதும் வழக்கறிஞரின் அன்றாட வேலை. சி. சுப்பிரமணியம் அதே வேலையை வேறு மன்றத்தில் செய்தார். அனைவரும் அமைச்சராக முடியாது. ஆனால் கற்ற திறமையை விட்டுவிடாமல், அதைப் பயன்படுத்தும் இடத்தை மட்டும் மாற்றுவது எவராலும் ஆகக் கூடிய காரியம்.

வேளாண்மையில் உள்ள வாய்ப்புகள்

அனுபவமுள்ள வழக்கறிஞர்களுக்கு வேளாண்மை சார்ந்த துறைகளில் பின்வரும் பணிகள் ஏற்றவையாகும்.

1. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள்: உழவர்கள் தாமே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் நிறுவனங்கள் இவை. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் நிறுவனச் சட்டத்தில் இடம் பெற்றன. உற்பத்தியாளர்கள் 10 பேர் சேர்ந்தாலே ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்யலாம். நாடெங்கும் இத்தகைய 10,000 அமைப்புகளை உருவாக்கும் மத்திய அரசுத் திட்டம் 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. தொடங்குவது எளிது. நடத்துவதே கடினம். பதிவான 90 நாட்களுக்குள் முதல் ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். ஆண்டறிக்கைகளைத் தொடர்ந்து 3 ஆண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் 5 ஆண்டுகளுக்குத் தகுதி இழப்பர். நெல்லும் நிலக்கடலையும் அறிந்த உழவர் இயக்குநர்களுக்கு இந்த விவரம் தெரிவதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

இங்கு வழக்கறிஞருக்கு மூன்று வகையில் இடம் உண்டு. பல நிறுவனங்களுக்கு ஆண்டுக் கட்டணத்தில் சட்ட ஆலோசகராக இருக்கலாம். இதற்குச் சன்னதை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. இயக்குநர் குழுவில் மொத்த எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வல்லுநர் இயக்குநர்களைச் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. அன்றாட நிர்வாகம் இல்லாத அப்பதவியை ஏற்கலாம். முழுநேர முதன்மை நிர்வாகியாகச் சேர்வதானால் சன்னதை நிறுத்தி வைக்க வேண்டும். அதற்குக் கேட்கப்படும் கல்வித் தகுதியையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். தொடக்க நிலையில் உள்ள நிறுவனங்களால் பெருஞ்சம்பளம் கொடுக்க இயலாது என்பதையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

2. புவிசார் குறியீடு: மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டிலும், ஈரோடு மஞ்சளுக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் 2019ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு கிடைத்தது. நாடு முழுவதற்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியில் உள்ளது. கோபாலபுரத்திலிருந்து எளிதில் சென்று வரும் தூரம்தான். குறியீடு கிடைத்ததோடு வேலை முடிவதில்லை. அப்பெயரைப் பயன்படுத்த உரிமை உள்ள உழவர்களையும் வணிகர்களையும் ஒவ்வொருவராகப் பதிவு செய்ய வேண்டும். 10 ஆண்டுகளுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். போலிச் சரக்கு வந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆவணம் திரட்டுவதில் பழகியவர்களுக்கு இது ஏற்ற பணி.

3. விதையும் பயிர் ரகங்களும்: பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2001ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பாதுகாக்கப்பட்ட ரகமானாலும் அதன் விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பிறருடன் பகிரவும், விற்கவும் உழவருக்கு உரிமை உண்டு. வணிகப் பெயரிட்டு விற்பது மட்டும் கூடாது. குஜராத் மாநிலத்தில் பதிவு பெற்ற உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாகச் சில உழவர்கள் மீது பெப்சிகோ நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஒவ்வொருவரிடமும் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு வழக்குத் தொடர்ந்தது. எதிர்ப்பு வலுக்கவே அவ்வாண்டே வழக்குகளைத் திரும்பப் பெற்றது. அந்த ரகத்தின் பதிவு 2021இல் நீக்கப்பட்டு, 2024ஆம் ஆண்டு ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றத்தால் மீண்டும் நிலைநிறுத்தப்பட்டது. இச்சட்டத்தை ஆழ்ந்து அறிந்த வழக்கறிஞர்கள் இரு தரப்புக்கும் தேவை.

முளைக்காத விதையால் நட்டமடைந்த உழவர் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம் என்று 2012ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வாங்கிய விதையை எல்லாம் விதைத்துவிடும் உழவர், ஆய்வுக்கென்று ஒரு பகுதியை எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை உள்ள புகார்களுக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை. இருந்தும் வயலின் நிலையைப் படம் எடுத்து, வேளாண்மை அலுவலரின் அறிக்கை பெற்று, பட்டியலையும் விதைப் பையையும் பாதுகாத்து முறையாகப் புகார் எழுதித் தர ஆள் இல்லாமையால் பலர் நட்டத்தைத் தாங்கிக்கொள்கின்றனர்.

4. நில ஆவணங்கள்: பட்டா ஒருவர் பெயரிலும், அனுபவம் மற்றொருவரிடத்திலும், பத்திரம் இறந்துபோன பாட்டனார் பெயரிலும் உள்ள நிலங்கள் தமிழ்நாட்டில் எல்லா ஊர்களிலும் உண்டு. வங்கிக் கடன், அரசு மானியம், பயிர்க் காப்பீடு ஆகிய எல்லாவற்றுக்கும் ஆவணம் தேவைப்படுகிறது. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, சிட்டா, அடங்கல் ஆகியவற்றை ஒப்பிட்டுக் கருத்துரை வழங்கும் பணியை வங்கிகள் வழக்கறிஞர் பட்டியலில் உள்ளவர்களிடம் ஒப்படைக்கின்றன. உரிமையியல் வழக்குகளில் அனுபவம் உள்ளவர்களுக்கு இது கைப்பழக்கமான வேலை. நீதிமன்ற வாய்தாக்களை நம்பியிராத வருவாயும் ஆகும்.

5. ஒப்பந்தப் பண்ணையம்: தமிழ்நாட்டில் ஒப்பந்தப் பண்ணையத்துக்கெனத் தனிச் சட்டம் 2019ஆம் ஆண்டில் ஏற்பட்டது. கறிக்கோழி, மூலிகை, கரும்பு என்று வாங்குபவருடன் முன்கூட்டியே விலை பேசிப் பயிர் செய்வதும் பண்ணை நடத்துவதும் பரவியுள்ளன. ஒப்பந்தத்தில் தரம் எவ்வாறு அளவிடப்படும், எடை எங்கே போடப்படும், சரக்கை ஏற்க மறுத்தால் என்ன செய்வது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இருக்க வேண்டும். சண்டை வந்த பிறகு வழக்கு நடத்துவதைவிட, சண்டை வராதபடி ஒப்பந்தம் எழுதித் தருவது இரு தரப்புக்கும் இலாபமாகும்.

6. சமரசப் பணி: வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, பொதுக் கிணற்று முறைத் தகராறு ஆகியவை தலைமுறைகளைத் தாண்டி நடப்பதுண்டு. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005ஆம் ஆண்டில் சமரச மையம் தொடங்கப்பட்டது. நீதிமன்றத்துடன் இணைந்த இத்தகைய மையங்களுக்கு நாட்டில் அது முன்னோடியாகும். 2023ஆம் ஆண்டில் சமரசத்துக்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. முறைப்படி பயிற்சி பெற்ற சமரசராக விளங்க, வழக்கின் போக்கை அறிந்த பழைய வழக்கறிஞர்களே மிகவும் ஏற்றவர்கள்.

வேளாண்மைக்கு வெளியேயும் அனுபவத்தையே தகுதியாகக் கேட்கும் பணிகள் உள்ளன. மாவட்ட நீதிபதி பதவிக்கு நேரடியாகத் தேர்வு பெற 7 ஆண்டுகளுக்குக் குறையாத வழக்கறிஞர் அனுபவம் வேண்டும். சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் 2022ஆம் ஆண்டு முதல் அமைத்து வரும் எதிர்த்தரப்பு உதவி வழக்கறிஞர் அலுவலகங்களில், தலைமைப் பொறுப்புக்குக் குற்றவியல் வழக்குகளில் 10 ஆண்டு அனுபவம் கேட்கப்படுகிறது. இது ஒப்பந்த அடிப்படையிலான முழுநேரப் பணி. சேர்ந்தவர்கள் தனி வழக்குகளை ஏற்க இயலாது. வயது வரம்பை அவ்வப்போது வரும் அறிவிக்கையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேரோடு பெயர்த்து நடும் முறை

வளர்ந்த மரத்தை இடம் மாற்றி நடுவதற்குத் தோட்டக்கலையில் ஒரு முறை உண்டு. மரத்தை ஒரே நாளில் வெட்டிப் பெயர்ப்பதில்லை. சில மாதங்களுக்கு முன்பே தூரைச் சுற்றிப் பள்ளம் தோண்டிப் பக்க வேர்களைச் சிறிது சிறிதாக அறுப்பார்கள். உள்வட்டத்தில் புது வேர் பிடித்த பிறகு, கிளைகளைக் கழித்து, தாய் மண்ணுடன் சேர்த்துத் தூக்கி நடுவார்கள். நட்ட பின்னும் பல மாதங்கள் நீர் விட்டுப் பேணுவார்கள். அனுபவமுள்ள வழக்கறிஞரும் இம்முறையைப் பின்பற்றலாம்.

முதல் 3 மாதங்கள்: நடப்பு வழக்குகளை விட்டுவிடக் கூடாது. புது வழக்குகளை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் ஒரு நாளைப் புதிய துறைக்கு ஒதுக்கி, மேலே கூறியவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்து அதன் சட்டத்தையும் விதிகளையும் முழுமையாகப் படிக்க வேண்டும். ஆறையும் தொட்டுப் பார்ப்பவர் ஒன்றிலும் வேர் பிடிக்க மாட்டார்.

அடுத்த 3 மாதங்கள்: நேரில் சென்று பார்க்க வேண்டும். சொந்த ஊருக்கு அருகில் உள்ள உற்பத்தியாளர் நிறுவனம், ஒழுங்குமுறை விற்பனைக் கூடம், வேளாண்மை விரிவாக்க மையம், தொடக்கக் கூட்டுறவு வங்கி ஆகியவற்றுக்குச் சென்று அவர்களுடைய சிக்கல்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அங்கே தாம் பேசுவதைக் குறைத்து, உழவர் பேசுவதைக் கேட்பதே நல்லது. இக்காலத்தில் ஓரிரு நிறுவனங்களின் விதிமுறைகளைக் கட்டணமின்றிப் படித்துப் பார்த்துக் குறைகளைச் சுட்டிக்காட்டலாம்.

அதன் பின்னர்: கட்டணத்தை எழுத்தில் பேசிக்கொண்டு பணியை ஏற்க வேண்டும். இரண்டாவது போகம் முடியும் வரை, அதாவது ஓராண்டுக் காலமாவது, குடும்பச் செலவுக்கான தொகை கையில் இருத்தல் அவசியம். வழக்கு முடிந்ததும் கட்டணம் வாங்கிப் பழகியவர்களுக்கு, அறுவடை முடிந்த பிறகே பணம் புரளும் கிராமத்து நடைமுறை முதலில் கடினமாகத் தோன்றும்.

விளம்பரம் செய்து வேலை பிடிக்க வழக்கறிஞர் விதிகள் இடம் தருவதில்லை. ஆனால் உழவர் கூட்டங்களில் சட்ட விளக்கம் அளிக்கவோ, செய்தித்தாள்களில் கட்டுரை எழுதவோ தடை இல்லை. தன்னை உயர்த்திக் கூறாமல், உழவருக்கு உதவும் ஒரு செய்தியைத் தெளிவாகச் சொன்னால் போதும். தேவைப்பட்டவர் தாமே தேடி வருவார்.

சம்பள வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது, இத்தனை ஆண்டு வழக்கறிஞர் என்று மட்டும் குறிப்பிட்டால் நிறுவனத்தாருக்கு ஒன்றும் விளங்காது. நில உரிமை ஆவணங்களை ஆய்ந்து எத்தனை கருத்துரைகள் வழங்கப்பட்டன, எத்தனை தகராறுகள் சமரசத்தில் முடிக்கப்பட்டன, எத்தகைய ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன என்று செய்த வேலையை எண்ணிக்கையுடன் கூற வேண்டும். கட்சிக்காரர்களின் பெயரையும் இரகசியங்களையும் எக்காரணம் கொண்டும் வெளியிடக் கூடாது.

தவிர்க்க வேண்டியவை

முன்பின் பழக்கமில்லாத வணிகத்தில் சேமிப்பு முழுவதையும் போடுதல், ஒரு கூட்டத்தில் கேட்ட பேச்சை நம்பிக் கடன் வாங்கிப் பண்ணை தொடங்குதல், தம்மைவிட இளையவரின் கீழ் பணிபுரிவதை இழுக்காகக் கருதுதல், குடும்பத்தாரிடம் வருவாய்க் குறைவை மறைத்தல் ஆகிய நான்கும் தவிர்க்கப்பட வேண்டியவை. இவற்றுள் கடைசியாகக் கூறப்பட்டதே பெருந்தீங்கு விளைப்பது. வயலில் பூச்சி கண்டவுடன் கூறினால் ஓரிரு பாத்திகளோடு நிறுத்தலாம். மறைத்து வைத்தால் வயல் முழுவதும் பரவிவிடும்.

உழவர் குடும்பத்தினர் செய்யக் கூடியது

சென்னையில் உள்ள மகனோ மகளோ தொழில் மாற்றத்தைப் பற்றிப் பேசினால், படித்த படிப்பு வீணாயிற்றே என்று ஊரில் உள்ளவர்கள் அங்கலாய்க்க வேண்டியதில்லை. தங்கள் பகுதி உற்பத்தியாளர் நிறுவனத்துக்குச் சட்டம் அறிந்த ஒருவர் தேவையா என்று கேட்டுச் சொல்லலாம். குடும்ப நிலத்தின் ஆவணங்களைச் சரி செய்யும் பணியை முதல் வேலையாக அவர்களிடமே ஒப்படைக்கலாம். ஊரில் நான்கு பேர் அதைப் பார்த்துத் தங்கள் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். அப்படி வருபவர்களிடம் நியாயமான கட்டணம் பெறுவதில் தவறு இல்லை.

உழவரிடம் விளைபொருள் இருக்கிறது, காகிதம் சரியாக இல்லை. வழக்கறிஞரிடம் காகிதத்தை ஆளும் அறிவு இருக்கிறது, அதற்குப் போதிய வேலை இல்லை. இவ்விருவரும் சந்திக்க வேண்டிய இடங்கள் ஒவ்வொரு வட்டத்திலும் உள்ளன. சன்னதைக் காத்துக்கொண்டு, ஒரு துறையைத் தேர்ந்து, ஓராண்டு பொறுமையுடன் முயலும் வழக்கறிஞர்கள் தங்கள் குடும்பத்துக்கு நிலையான வருவாயைத் தேடிக்கொள்வதுடன், தங்களைப் படிக்க வைத்த மண்ணுக்கும் பயன்பட இயலும்.